ஒரே தொட்டி நூல்

அந்தச் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர்கள் பட்டறைக்காரரின் நடுமகளுக்குக் கறாரக்கா என்று பேர் வைத்து வெகுகாலமாகிறது. முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அது அவள் காதிலேயே விழுந்தது. இன்றைக்கு நல்ல அர்ச்சனை கிடைக்கப்போகிறது என்று எல்லாரும் நூல்கட்டுகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றபோது, "அந்தப் பேருக்கு என்ன குறைச்சல்? அப்படியே கூப்பிடுங்க" என்றுவிட்டாள். அதிலிருந்து பெற்ற அப்பாவே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

பேருக்கேற்ற வேலைதான் அவளுடையது. அப்பா சாயம் கலக்குவார். ஆட்கள் நூல்கட்டுகளைக் கழியில் கோத்துக் கொதிக்கிற தொட்டியில் முக்கிப் புரட்டி எடுப்பார்கள். ஒரு தொட்டியில் ஒரே நேரத்தில் முக்கியெடுத்ததெல்லாம் ஒரு லாட். அது வெளியே போகலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவள் கறாரக்கா. எல்லாக் கட்டையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது. கைக்கு வந்த ஒரு கட்டிலிருந்து கொஞ்சம் நூலை வெட்டிக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் அலசுவாள். பிறகு அதை வெள்ளைத் துணியில் வைத்து, பகையாளி மாதிரி நினைத்துக்கொண்டு தேய்ப்பாள். துணியில் துளி நிறம் ஒட்டினாலும் மொத்த லாட்டும் திரும்பத் தொட்டிக்குப் போகும். யார் கெஞ்சினாலும் மசியமாட்டாள். ஒட்டாவிட்டால் "லாட் பாஸ்" என்று ஒரு குரல் கொடுப்பாள். அது தெருமுனை டீக்கடை வரை கேட்கும்.

ஒரே தண்ணீர், ஒரே சாயம், ஒரே சூடு. ஒரு கட்டு தேறினால் எல்லாம் தேறின மாதிரிதான். அவள் பாஸ் சொன்ன லாட் எதுவும் சாயம் போகிறதென்று திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு, இல்லையென்று சொன்னால் அது பொய். இந்தப் பழக்கத்தை அவள் வீட்டுக்குள் கொண்டுபோனதில்தான் கோளாறு வந்தது.

அவளுக்கு மூத்தவள் ஒருத்தி, இளையவள் ஒருத்தி. மூவரும் கல்யாணமாகியும் பட்டறையை விட்டுப் போகவில்லை. பெரியவள் நூல் மடிப்பாள், சின்னவள் காயப்போடுவாள். பெரியவளுக்கு நாற்பதுகூட ஆகாதபோது மார்பில் கட்டி வந்தது. அறுவை முடிந்து, மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, அவள் தேறி எழுவதற்குள் வீடே பாதியாக இளைத்துவிட்டது. அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ, "இவ்வளவு சின்ன வயசுல வந்திருக்கு, கூடப்பிறந்தவங்களும் ரத்தம் குடுத்துப் பார்த்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எந்த ரத்தம், எதற்கு, யாருக்கு முதலில் என்று கேட்க அப்போது யாருக்கும் தெம்பில்லை.

வீட்டில் கூடிப் பேசினார்கள். பெரியவளுக்குத்தான் வந்துவிட்டதே, அவளுக்கு எதற்கு இனி ஒரு டெஸ்ட்? பாவம், ஊசி குத்தக் கையில் இடமே இல்லை. சின்னவள் கைக்குழந்தைக்காரி. "ஒருத்தி குடுத்தாப் போதாதா? மூணு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே" என்றார் அப்பா. அது கறாரக்காவுக்கு ரொம்பச் சரியாகப் பட்டது. நேராக ஒரு லேபுக்குப் போய்க் கையை நீட்டிவிட்டு வந்தாள். ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபடியே, "லாட் பாஸ்" என்று கத்தினாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் மார்பு ஸ்கேனுக்குப் புறப்பட்டு நின்ற சின்னவளை, "உனக்கும் சேர்த்துத்தான்டி நான் குடுத்தேன், போய் வேலையப் பாரு" என்று தடுத்ததும் கறாரக்காதான்.

ஒரு வருஷம் அப்படியே ஓடியது. பெரியவளை வழக்கமான பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போன ஒருநாள், "மரபு வழியா வருதான்னு பார்க்கற டாக்டர் ஒருத்தர் புதுசா வந்திருக்காங்க, அவங்களையும் பார்த்துட்டுப் போங்க" என்று கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்ன அறை. இருக்கிற நாற்காலிகளில் ஒன்றுக்குக் கால் ஆடியது. கறாரக்கா அதில் உட்கார்ந்து, ஆடாமலிருக்கக் காலை ஊன்றிக்கொண்டாள்.

டாக்டர் இளவயசுக்காரி. அவசரமே இல்லாமல் பேசினாள். ஒரு வெள்ளைத் தாளில் பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குச் சதுரமும் போட்டாள். பெரியவளின் வட்டத்தை மட்டும் கறுப்பாக நிரப்பினாள்.

"அம்மா பக்கம் சொல்லிட்டீங்க. அப்பா பக்கம்?"

"அவரு பக்கம் எதுக்கு டாக்டர்? அவரு ஆம்பளையாச்சே" என்றாள் கறாரக்கா.

"ஆம்பளைங்க வழியாவும் வரும். தனக்கு ஒண்ணும் வராமலே பொண்ணுக்குக் குடுத்துடலாம். அப்பாகூடப் பொறந்தவங்க யாராவது?"

"ஒரு அத்தை. அவங்க இதுல போகல. வயித்துல நீர் கோத்துப் போனாங்க."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "அப்ப என்ன வயசு இருக்கும்?"

"என் வயசு இருக்கும்" என்றாள் பெரியவள். "சினைப்பையில கட்டின்னு பேசிக்கிட்டாங்க. நாங்க அப்போ சின்னப்புள்ளைங்க. எங்களப் பக்கத்துல விடல."

டாக்டர் அத்தைக்கும் ஒரு வட்டம் போட்டுக் கறுப்பாக்கினாள். மார்பில் வருவதும் சினைப்பையில் வருவதும் சில குடும்பங்களில் ஒரே கோளாறிலிருந்து வரும் என்று பிறகுதான் விளக்கினாள். பெரியவள் தன் புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். கறாரக்காவுக்கு மட்டும் பயமில்லை. அவள் கையில்தான் மருந்து இருக்கிறதே.

"நாங்க போன வருஷமே பார்த்துட்டோம் டாக்டர்" என்று லேப் முடிவை எடுத்து நீட்டினாள். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கின பிள்ளை மாதிரி அவள் முகம் இருந்தது.

டாக்டர் இரண்டு தரம் படித்தாள். "இது உங்களோடது. அக்காவுக்கு எடுத்தீங்களா?"

"வந்தவளுக்கு எதுக்கு? வராதவங்களத்தானே பார்க்கணும்?"

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க" என்றாள் டாக்டர். அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. "ஆனா முதல்ல பார்க்க வேண்டியது வந்தவங்களத்தான். எதைத் தேடறோம்னு தெரிஞ்சாத்தானே இல்லன்னு சொல்ல முடியும்? அக்கா ரத்தத்துல இருக்கற மரபணுவுல எந்த இடத்துல தப்பிருக்குன்னு கண்டுபிடிச்சுட்டு, அதே இடத்த உங்ககிட்டப் பார்க்கணும். இந்த லேப்ல அங்கொண்ணு இங்கொண்ணா சில இடங்கள மட்டும் பார்த்திருக்காங்க. அங்கெல்லாம் இல்ல. அவ்வளவுதான் இதுக்கு அர்த்தம்."

"அப்ப எனக்கு?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

"எங்க சின்னவளுக்கு?"

"உங்களுக்கு இல்லன்னே வச்சுக்குவோம். அது உங்களுக்கு மட்டும்தான். தங்கச்சிக்கு அது பேசாது."

"ஒரே வயித்துல பொறந்தவங்க டாக்டர் நாங்க."

"பொறந்தது ஒரே வயித்துலதான். ஆனா அவங்கவங்க தனித்தனியா வாங்கிட்டு வந்திருக்கீங்க. அக்காவுக்கு இருந்துச்சுன்னா, மத்த ரெண்டு பேருக்கும் ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒருத்தருக்கு எடுத்து இன்னொருத்தருக்குச் சொல்ல முடியாது."

வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் தங்கை கறாரக்காவின் நினைவுக்கு வந்தாள். ஸ்கேனுக்குப் போகப் புடவை மாற்றிக்கொண்டு நின்றவளைத் தடுத்ததும் கூடவே நினைவுக்கு வந்தது.

அன்றைக்கே பெரியவள் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். பதில் வரச் சில வாரமாகும் என்றார்கள். அந்த வாரங்களில் கறாரக்கா வெள்ளைத் துணியில் தேய்த்த தேய்ப்பில் துணி கிழிந்துபோனதாகப் பட்டறையில் ஒரு பேச்சு. ஒரு கட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமலிருக்க அவளால் முடியவில்லை. இரண்டாவது, மூன்றாவது என்று வெட்டி வெட்டிப் பார்த்தாள். "இப்படியே போனா நூலு மிஞ்சாது, சாம்பிள்தான் மிஞ்சும்" என்று கழி பிடிக்கிறவன் முனகினான். அவனைக்கூட அவள் திட்டவில்லை. அதுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

பெரியவளிடம் அந்தக் கோளாறு இருப்பதாகப் பதில் வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். தொட்டிகளுக்கு அடியில் நெருப்பைக் குறைத்துவிட்டு, பட்டறையின் பின்பக்கத் தாழ்வாரத்தில் குடும்பம் உட்கார்ந்திருந்தது. நனைந்த நூலின் வாடையும் சோற்றின் ஆவியும் கலந்து வந்தன. அம்மா எல்லாருக்கும் அவித்த முட்டையை இரண்டாக அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கறாரக்கா நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அத்தைக்கு வந்ததும் இதுவாகத்தான் இருக்கும், அப்பா வழியாகத்தான் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

அம்மாவின் கத்தி நின்றது. பெரியவளுக்கு நோய் வந்த நாளிலிருந்து, "இதெல்லாம் உங்க வீட்டுப் பக்கத்துச் சீக்கு" என்று அப்பா சொல்லாத வாரமில்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவுக்கு எந்தக் காலத்திலோ ஒரு கட்டி வந்து தானே கரைந்துபோனதை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அதை நம்பிவிட்டாள். பெற்ற பெண்ணுக்கு விஷத்தைக் கொடுத்தவள் மாதிரி, பெரியவளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே குறைத்திருந்தாள்.

"அப்ப எங்க வீட்டுச் சீக்கு இல்ல" என்றாள் அம்மா.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "என் தங்கச்சிக்கு வயித்துலதானே வந்துச்சு" என்றார். "எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லையே. என் உடம்புல இருந்துக்கிட்டு என் பொண்ணுக்குப் போய்..." தட்டைத் தள்ளிவிட்டு எழப்போனார்.

அம்மா அவர் தட்டை மறுபடி முன்னால் இழுத்து அரை முட்டையை வைத்தாள். "தெரிஞ்சா குடுத்தீங்க? உட்கார்ந்து சாப்பிடுங்க" என்றாள். அவரை நாலு வார்த்தை கேட்க அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. கேட்காமல் விட்டாள். அப்பா அந்த முட்டையைத் தின்னவும் முடியாமல் ஒதுக்கவும் முடியாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"இனி என்ன செய்யணுமாம்?" என்றார் குனிந்தபடியே.

"எனக்கும் சின்னவளுக்கும் பார்க்கணுமாம். அப்புறம் நீங்களும் ஒரு தடவை டாக்டரப் பார்க்கணும்."

"எனக்கு எடுத்தா சின்னவளுக்கு எடுக்க வேண்டாமில்ல?"

"அப்படி ஒருத்தருக்கு எடுத்துத்தானேப்பா இந்தக் கதிக்கு வந்து நிக்கறோம்" என்றாள் கறாரக்கா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது சின்னவள் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

அவள் காயப்போடும் வெளியில் இருந்தாள். வரிசை வரிசையாகக் கழிகளில் நீல நூல் தொங்கிக்கொண்டிருந்தது. மேற்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் பாதி காயாத நூலில் மழைத்துளி பட்டால் புள்ளி புள்ளியாக விழுந்து மொத்தமும் பாழ். சின்னவள் ஒரு கழியை உருவித் தோளில் சாய்த்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். கறாரக்காவும் ஒரு கழியை உருவிக்கொண்டு பின்னால் ஓடினாள். அந்த வீட்டில் சண்டை போடுவதென்றாலும் கை சும்மா இருக்காது.

"நான் வரல. நீ எதுவும் பேசாத" என்றாள் சின்னவள்.

"நான் இன்னும் வாயத் தொறக்கல."

"தொறப்ப. எனக்குத் தெரியாதா? போன வருஷம் நீதானே சொன்ன, உனக்கும் சேர்த்துத்தான் குடுத்தேன்னு. லாட் பாஸ்னு கத்தினியே. தெருவே கேட்டுச்சு."

"சொன்னேன். தப்பு."

சின்னவள் நின்றுவிட்டாள். "என்ன சொன்ன?"

"தப்புன்னு சொன்னேன். காதுல விழலயா? கழியப் புடி, தரையில இழுபடுது."

"இத்தனை வருஷத்துல நீ இந்த வார்த்தையச் சொல்லி நான் கேட்டதே இல்ல சின்னக்கா."

"கேட்டுட்டல்ல? வா, அடுத்ததை எடு."

இரண்டு பேரும் மறுபடி வெளியே ஓடினார்கள். காற்று நூலை அவர்கள் முகத்தில் அடித்தது. சின்னவள் காற்றுக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறேன்? அறுத்துப்போடச் சொல்வாங்க. அதானே?"

"அறுக்கணும்னு யாரும் சொல்லலடி. அது வேணும்னு நினைக்கறவங்களுக்கு. வேண்டாம்னா வருஷாவருஷம் நல்ல ஸ்கேனா எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கலாமாம். வந்தாலும் கடுகளவுல இருக்கும்போதே புடிச்சிடலாமாம்."

"வருஷாவருஷம் பயந்துக்கிட்டே இருக்கணும்."

"இப்ப பயப்படலயா நீ?"

சின்னவள் கழியைக் கொட்டகையில் சார்த்திவிட்டு அங்கேயே நின்றாள். மூச்சு வாங்கியது.

"பெரியக்காவுக்கு முடி கொட்டினப்போ தினமும் காலையில தலகாணிய உதறினது நான்தான்" என்றாள். "அவ எழுந்திரிக்கறதுக்குள்ள கூட்டித் தள்ளிடுவேன். அவ பார்க்கக் கூடாதுன்னு. ஒருநாள் பார்த்துட்டா. சிரிச்சா. அந்தச் சிரிப்ப நினைச்சா எனக்கு இப்பவும் தூக்கம் வராது. எனக்கு அது வேண்டாம் சின்னக்கா. வரதுன்னா வந்துட்டுப் போகட்டும். முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படிச் சிரிப்பேன், என் புள்ளையத் தூக்கிக் கொஞ்சுவேன்?"

கறாரக்கா டாக்டர் சொன்னதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தாள், ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. முதல் துளிகள் கூரையில் விழுந்தன. வெளியில் இன்னும் இரண்டு கழிகள் மிச்சம். இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள், ஒருத்தியும் நகரவில்லை.

"நானும் திரும்பக் குடுக்கறேன்" என்றாள் கறாரக்கா. "ஒரே நாள். ஒரே ஊசிக்காரியா வேணும்னாலும் கேக்கலாம். முதல்ல நான் கைய நீட்டறேன்."

"உனக்குத்தான் இல்லையே."

"சரியாப் பார்க்கலயாம். நானும் குடுத்தாகணும்."

"எனக்காகச் சொல்ற."

"உனக்காகவும்தான். வாடி. நான் தனியாப் போனா அந்த ஆடற நாற்காலில யாரு உட்கார்றது?"

உண்மையைச் சொன்னால், கறாரக்காவுக்குத் தன்னைப் பற்றிப் பெரிதாகப் பயமில்லை. ஒரு தரம் தேறினது தேறினதுதான் என்ற எண்ணம் அவள் மனசின் ஓரத்தில் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் சொன்னதை மூளை ஏற்றுக்கொண்டது, மனசு ஏற்றுக்கொள்ளவில்லை. தங்கையை எப்படியாவது இழுத்துக்கொண்டு போக வேண்டும், தான் செய்ததைத் தானே சரிக்கட்ட வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

சின்னவள் ஒப்புக்கொண்டதாக வாயால் சொல்லவில்லை. மழையில் இறங்கி ஓடி ஒரு கழியை உருவினாள். நனைந்துகொண்டே, "எப்போ போகணும்?" என்று கேட்டாள். கடைசிக் கழி நூல் வீணாய்ப்போனது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தார்கள். பதில் வாங்கப் போன அன்றைக்குப் பெரியவளும் கூடவே வந்தாள். ஆனால் அறைக்குள் வரமாட்டேன் என்றுவிட்டாள். "அந்த நாற்காலில நான் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு. நீங்க போயிட்டு வாங்க" என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"தனித்தனியா சொல்லட்டுமா?" என்று டாக்டர் கேட்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே பதிலா இருக்கணும்னு இல்ல. தனியா கேட்டுக்கிட்டு, அப்புறமா நீங்களே பேசிக்கலாம்."

"சேர்த்தே சொல்லுங்க" என்றாள் கறாரக்கா.

டாக்டர் சின்னவளைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேர்த்தேதான்" என்றாள்.

"சரி. முதல்ல உங்களுக்கு" என்று சின்னவள் பக்கம் திரும்பினாள் டாக்டர். "பெரியக்காகிட்ட இருக்கற கோளாறு உங்ககிட்ட இல்ல. இந்தத் தடவை எதைத் தேடறோம்னு தெரிஞ்சே தேடியிருக்கோம், அதனால நம்பலாம். எல்லாப் பொண்ணுங்களுக்கும் இருக்கற அளவு வாய்ப்புதான் உங்களுக்கும். வழக்கமான பரிசோதனை போதும்."

சின்னவள் முதலில் ஒன்றும் புரியாதவள் போல உட்கார்ந்திருந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். கறாரக்காவுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தங்கையின் முதுகில் ஒரு தட்டு தட்டி, "இதுக்குப் போயா அந்த ஓட்டம் ஓடின? மூக்கச் சிந்து, கிளம்பு. பெரியவ வெளிய தனியா உட்கார்ந்திருக்கா" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள்.

"உட்காருங்க" என்றாள் டாக்டர். "உங்களுக்கு நான் இன்னும் சொல்லல."

கறாரக்கா உட்கார்ந்தாள். நாற்காலி ஆடியது.

"உங்ககிட்ட இருக்கு."

சுவரில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சின்னவளின் அழுகை பாதியில் நின்றது.

"போன வருஷம் இல்லன்னாங்களே."

"அவங்க பார்க்காத இடத்துல இருக்கு. பெரியக்காகிட்ட இருக்கற அதே இடத்துல."

டாக்டர் அவசரப்படாமல் பேசினாள். இது நோய் இல்லை, நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நிறைய அதிகம், அவ்வளவுதான் என்றாள். வருஷத்துக்கொரு முறை எடுக்கும் ஸ்கேனைச் சொன்னாள். சினைப்பையில் வந்தால் சீக்கிரம் கண்டுபிடிப்பது கடினம், அதனால் இனிக் குழந்தை வேண்டாமென்றால் அதைச் சீக்கிரமே எடுத்துவிடுவது நல்லது என்றாள். மார்பை எடுத்துவிடுகிற வழியும் உண்டு, அதை இன்றைக்கோ நாளைக்கோ முடிவு செய்ய வேண்டியதில்லை, எவ்வளவு கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம் என்றாள். கறாரக்காவுக்குப் பாதி காதில் ஏறவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. பள்ளிக்கூடம் போறா."

"இப்ப எதுவும் வேண்டாம். வளர்ந்து, தனக்குத் தானே முடிவெடுக்கற வயசு வந்தப்புறம் அவங்களா கேக்கட்டும். அதுவரைக்கும் அவங்களுக்கு இதனால ஒண்ணும் ஆகாது."

வெளியே வந்தபோது சின்னவள் தேம்பிக்கொண்டிருந்தாள். பெஞ்சிலிருந்த பெரியவள் அவள் முகத்தைப் பார்த்தாள், எழுந்து ஓடிவந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணும் இல்லடி, ஒண்ணும் இல்ல, நான் இருக்கேன், நான் வரலயா மீண்டு" என்று அவள் தலையைத் தடவித் தடவிச் சொன்னாள். சின்னவள் இல்லை இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவளுக்கு இல்ல" என்றாள் கறாரக்கா. "எனக்கு."

பெரியவளின் கைகள் அப்படியே நின்றன.

"எனக்கே இருந்திருக்கக் கூடாதா" என்று சின்னவள் விம்மினாள். "நான்தானே மாட்டேன்னு அடம்பிடிச்சேன். எனக்காகத்தானே நீ குடுத்த."

"உளறாத. நீ தப்பிச்சதுதான்டி இன்னைக்கு எனக்குக் கிடைச்ச ஒரே நல்லது. அதையும் கெடுக்காத" என்று கறாரக்கா அதட்டினாள். அதட்டும்போதே குரல் உடைந்துபோனது. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஊரைக் கூட்டிச் சொன்னேனே பெரியக்கா. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு. எவ்வளவு ஆட்டம் ஆடினேன். என்கிட்டயே வச்சுக்கிட்டு."

பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நோய் வந்த நாளிலிருந்து அவளை எல்லாரும் தாங்கித் தாங்கியே பழகியிருந்தார்கள். அவள் எதிரே யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். அவளும் அதற்கேற்ற மாதிரி மெலிந்த குரலில்தான் பேசுவாள். இப்போது அவள் குரல் வேறாக இருந்தது.

"உன்னப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்குடி" என்றாள்.

கறாரக்கா நிமிர்ந்து பார்த்தாள். காதில் விழுந்தது சரிதானா என்று இருந்தது அவளுக்கு.

"நிஜமாத்தான் சொல்றேன். வயித்தெரிச்சலா இருக்கு. நான் குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அப்பவும் பெருசாயிடுச்சு. அத்தைக்கு வயிறு வீங்கினப்புறம்தான் தெரிஞ்சுது. எங்க ரெண்டு பேரையும் யாரும் முன்னாடியே கூப்பிட்டு உட்கார வச்சு, இப்படி வரப்போகுது, பார்த்து இருங்கன்னு சொல்லல. ஒருத்தர் சொல்லியிருந்தா நான் கால்ல விழுந்திருப்பேன். உனக்கு இன்னும் வரவே இல்ல. வரதுக்கு முன்னாடி தெரிஞ்சுபோச்சு. உட்கார்ந்து அழு, நான் வேண்டாங்கல. எனக்கு அழறதுக்குக்கூட நேரமில்லாம ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

கறாரக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவளின் கண்ணைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டாள். அந்தப் பொறாமை பொய்யில்லை. தன்னை ஆறுதல்படுத்தச் சொன்னதும் இல்லை. அக்காவுக்குக் கிடைக்காமல் போனது எதுவோ, அது இன்றைக்குக் கறாரக்காவின் கையில் இருந்தது.

கறாரக்கா அழுதாள். யாரும் அவளை அழாதே என்று சொல்லவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள், எழுந்தாள், போய்க் கதவைத் தட்டினாள்.

டாக்டர் தலையை நிமிர்த்தினாள்.

"அந்த ஸ்கேன். முதல் தடவை எப்ப வரணும்?"

"அவ்வளவு அவசரம் இல்லங்க. வீட்டுக்குப் போய் எல்லார்கிட்டயும் பேசி, நிதானமா யோசிச்சுட்டு..."

"அக்காகிட்டப் பேசிட்டேன்" என்றாள் கறாரக்கா. "தேதி சொல்லுங்க டாக்டர்."